மலப் பரிசோதனை மூலம் பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க: முதன்முறை செய்பவர்களுக்கு

பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று வந்து நிற்பதில்லை. குடலின் உட்சுவரில் முதலில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றும். பெரும்பாலான பாலிப்புகள் கடைசிவரை எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடும். சில மட்டும் மெல்ல மெல்ல மாறி, பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, புற்றுநோயாகும். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பெரிதாகிவிட்ட பாலிப்பிலிருந்தும் ஆரம்பநிலைக் கட்டியிலிருந்தும் அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் கசியும். கண்ணுக்குத் தெரியாத அந்த ரத்தத்தை மலத்தில் தேடிப் பார்ப்பதே இந்தப் பரிசோதனை.

2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். புற்றுநோய் இறப்புகளில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நோய் குடலைத் தாண்டாமல் இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 90 சதவீதம். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது 15 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது.

ஊசி இல்லை, பட்டினி இல்லை, லீவு போட வேண்டியதில்லை. கழிப்பறையில் சில நிமிட வேலை, அவ்வளவுதான். ஆனாலும் மலத்தைக் கொஞ்சம் எடுத்து அனுப்பும் கிட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். அருவருப்பு ஒரு காரணம். 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்ற நினைப்பு இன்னொரு காரணம். ஒரு தொல்லையும் இல்லாதவர்களுக்காகவே உருவாக்கப்பட்ட பரிசோதனை இது.

முதலில்: இது உங்களுக்கானதா?

சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கு, அதாவது குறிப்பிட்ட அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத நடுவயதினருக்கு, இது பொருந்தும். எந்த வயதில் தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் தொடக்க வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்தது. இளையவர்களிடம் இந்த நோய் கூடிவருவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 75 வயதுவரை எல்லோரும் செய்துகொள்ளலாம் என்றும், 76 முதல் 85 வரை உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஜப்பானில் 1992 முதலே 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கிறது. இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிட் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் 45 வயதினரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் அரசுத் திட்டம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். பல இடங்களில் இது இலவசம்.

யார் இதைச் செய்யக் கூடாது என்பதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, மலம் தார் போலக் கறுத்துப் போகிறது, சில வாரங்களாக மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கிறது என்றால் கிட் வாங்கி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள். அறிகுறி உள்ளவர்களில் யாரை அவசரமாக மேல்பரிசோதனைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க, பிரிட்டனில் டாக்டர்களே இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அங்கே அளவுகோல் வேறு, முடிவெடுப்பவரும் டாக்டர்.

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், உங்களுக்கே முன்பு பாலிப் எடுத்திருந்தால், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் போன்ற குடல் அழற்சி நோய்கள் இருந்தால், லிஞ்ச் சிண்ட்ரோம் போன்ற பரம்பரைக் கோளாறு குடும்பத்தில் இருந்தால் உங்கள் வழி வேறு. பெரும்பாலும் கொலோனோஸ்கோபிதான் (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), அதுவும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே.

இன்னொன்றையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வந்தால் கொலோனோஸ்கோபிக்குப் போவீர்களா? 'என்ன ஆனாலும் அதற்கு மாட்டேன்' என்பவருக்கு இந்தப் பரிசோதனையால் கவலை மட்டும்தான் மிஞ்சும். மலத்தில் ரத்தம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதில் யாருக்கு என்ன பயன்?

எந்த டெஸ்ட்?

மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. மிகப் பழையது குவாயக் டெஸ்ட். குவாயக்கம் என்ற மரத்தின் பிசின், ரத்தம் பட்டால் நீலமாக மாறும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிசின் தடவிய அட்டையில் மலத்தைப் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இதற்கு மனித ரத்தம், ஆட்டு ரத்தம் என்ற வித்தியாசம் தெரியாது. அதனால் சில நாட்களுக்குச் சிவப்பு இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். முள்ளங்கி போன்ற சில காய்கள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், வைட்டமின் சி மாத்திரை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். மூன்று முறை மலம் எடுக்க வேண்டும். இத்தனை குறை இருந்தும், மலப் பரிசோதனையால் உயிர் காக்க முடியும் என்று முதலில் நிரூபித்தது இதுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-ல் வெளிவந்தது: ஆண்டுதோறும் பரிசோதிக்க அழைக்கப்பட்டவர்களில் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது.

இரண்டாவது ஃபிட் (FIT). இன்று பெரும்பாலான நாடுகள் இதற்கு மாறிவிட்டன. மனித ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொண்டு இது வேலை செய்கிறது. அதனால் சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வயிற்றிலோ சிறுகுடலின் மேல்பகுதியிலோ கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடும் என்பதால், ஃபிட் பாசிட்டிவ் என்றால் ரத்தம் பெருங்குடல் பக்கமிருந்து வருகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் இந்த டெஸ்டுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

மூன்றாவது, டி.என்.ஏ. சேர்ந்த மலப் பரிசோதனை. பாலிப்பும் கட்டியும் தங்கள் மேற்பரப்பு செல்களை மலத்தில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த செல்களின் டி.என்.ஏ.வில் உள்ள மாற்றங்களையும், கூடவே ஃபிட் போல ரத்தத்தையும் இது தேடுகிறது. கோலோகார்ட் என்ற கிட்டுக்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு வெளிவந்த, ஏறத்தாழ 10,000 பேர் பங்கேற்ற ஆய்வில் அது புற்றுநோயை 92 சதவீதம் பிடித்தது. ஃபிட் 74 சதவீதம். புற்றுநோயாக மாறக்கூடிய முற்றிய பாலிப்புகளில் கோலோகார்ட் 42 சதவீதத்தையும் ஃபிட் 24 சதவீதத்தையும் பிடித்தன. ஆனால் கோலோகார்ட், முற்றிய பாலிப்போ புற்றுநோயோ இல்லாதவர்களையும் நூற்றுக்கு 13 பேர் வீதம் பாசிட்டிவ் என்றது. ஃபிட்டில் அது 5 பேர்தான்.

எண்களைப் பார்த்தவுடன் டி.என்.ஏ. டெஸ்ட்தான் உசத்தி என்று தோன்றும். அது ஒருமுறை செய்து பார்த்த கணக்கு. டி.என்.ஏ. டெஸ்ட் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அமெரிக்கப் பரிந்துரைப்படி ஃபிட் ஆண்டுக்கு ஒருமுறை. மூன்று ஆண்டில் மூன்று முறை தேடும்போது ஃபிட் பின்தங்கும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. என் கருத்தில் ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியவருக்கு ஃபிட் போதும். ஆண்டுதோறும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவருக்கு, கிடைக்கும் இடத்தில், கட்டுப்படியாகும் என்றால், டி.என்.ஏ. டெஸ்ட்.

ரத்தம் எடுத்துப் பார்க்கும் டெஸ்டும் வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். ஷீல்டு என்ற ஒன்றுக்கு அமெரிக்காவில் 2024-ல் அனுமதி கிடைத்தது. அது முற்றிய பாலிப்புகளில் 13 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது. பாலிப்பாக இருக்கும்போதே பிடிக்க நினைப்பவருக்கு மலமே மேல்.

மாதிரி எடுப்பது

கழிப்பறைக்குள் போகும் முன்பே கிட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் குறிப்பைப் படித்துவிடுங்கள். ஃபிட் கிட்டில் பொதுவாக விரல் நீளத்துக்கு ஒரு சிறு குழாய், அதன் மூடியோடு ஒட்டிய ஒரு குச்சி, குழாய்க்குள் கொஞ்சம் திரவம், திருப்பி அனுப்ப ஒரு பை இருக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிவிடலாம். மாதிரி எடுத்த தேதியை எடுத்த அன்றே எழுத வேண்டும். பரிசோதனைக்கூடங்கள் மாதிரியை நிராகரிக்கும் காரணங்களில் சாதாரணமான ஒன்று, தேதி எழுதாத குழாய்.

சில நாட்களில் எடுக்கக் கூடாது. மாதவிடாய் நாட்களிலும் அது நின்ற அடுத்த மூன்று நாட்களிலும் வேண்டாம். மூலத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருக்கும்போதும், சிறுநீரில் ரத்தம் இருக்கும்போதும், கையில் ஆறாத வெட்டுக்காயம் இருக்கும்போதும் தள்ளிப் போடுங்கள். தண்ணீராகப் போகிற நாளிலும் வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் பரவாயில்லை.

அப்புறம், இந்த வேலையில் உண்மையிலேயே தடுமாற வைக்கும் ஒரே இடம்: மலம் தண்ணீரில் விழாமல் பிடிப்பது. தண்ணீரில் ஊறினால் ரத்தம் கரைந்து போய்விடும். உட்காரும் கழிப்பறை என்றால் கிட்டோடு வரும் தாளைக் குறுக்கே ஒட்டிக்கொள்ளலாம். தாள் வராவிட்டால், சுத்தமான உலர்ந்த பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே பிடித்துக்கொள்ளலாம், அல்லது டாய்லெட் பேப்பரைப் பல அடுக்காகத் தண்ணீர்மேல் பரப்பலாம். குந்தி உட்காரும் கழிப்பறையில் இது இன்னும் சுலபம். முன்கூட்டியே தண்ணீர் ஊற்றாமல், உலர்ந்த இடத்தில் தாளை விரித்தால் போதும். நீல நிறக் கிளீனர் கட்டி தொங்கவிட்டிருந்தால் எடுத்துவிட்டு இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்யுங்கள். சிறுநீர் கலக்காமல் இருக்க, முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். தண்ணீரால் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் மாதிரியை எடுத்து மூடிய பிறகு கழுவிக்கொள்ளுங்கள்.

இப்போது குச்சியை வெளியே எடுங்கள். அதன் முனையில் சிறு வரிப்பள்ளங்கள் தெரியும். மலத்தின் மேற்பரப்பில் ஒரே இடத்தில் குத்தாமல், நான்கைந்து வெவ்வேறு இடங்களில் சுரண்டுங்கள். ரத்தம் மலம் முழுவதும் சமமாகக் கலந்திருக்காது, அதனால்தான். பள்ளங்கள் நிரம்பினால் போதும். பெரும்பாலான கிட்டுகளுக்குத் தேவைப்படுவது சுமார் 10 மில்லிகிராம்தான். 'நிறைய இருந்தால் நன்றாகத் தெரியும்' என்று வாரிப் போட்டால் அளவு பிசகிவிடும். குச்சியைத் திரும்பச் செருகி, மூடி 'கிளிக்' என்று இறுகும்வரை அழுத்தி, குழாயை நன்றாகக் குலுக்குங்கள். பிறகு திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் திரவத்தைக் கழிவு என்று நினைத்துக் கொட்டிவிடுபவர்களும் உண்டு. ஹீமோகுளோபினைக் கெடாமல் காப்பதே அந்தத் திரவம்தான். கொட்டிவிட்டால் அதில் தண்ணீர் நிரப்பி அனுப்பாதீர்கள், வேறு கிட் கேளுங்கள்.

எத்தனை மாதிரி என்பதைக் கிட்டே சொல்லும். இங்கிலாந்தில் ஒன்று, ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு. இரண்டு என்றால் இரண்டு வெவ்வேறு முறை மலம் போகும்போது எடுக்க வேண்டும், ஒரே மலத்தில் இரண்டு குச்சி அல்ல.

டி.என்.ஏ. கிட்டில் வேலை கொஞ்சம் கூடுதல். அதற்கு முழு மலமும் வேண்டும். கழிப்பறை மேல் பொருத்தும் ஒரு தாங்கியும் மூடி போட்ட பாத்திரமும் வரும். அதில் போன பிறகு முதலில் சிறு குழாயில் சுரண்டி எடுத்துவிட்டு, அப்புறம் பாத்திரத்தில் பாதுகாப்புத் திரவத்தை ஊற்றி மூட வேண்டும்.

அனுப்புவது

எடுத்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள். வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்த மாதிரி, இருக்கிற ரத்தத்தை இல்லை என்று காட்டும். அதுதான் மோசமான தவறு. கோடைக்காலத்தில் பாசிட்டிவ் எண்ணிக்கை குறைவதை இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. வெயிலில் நிற்கும் காரில் குழாயை விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். தாமதமாகும் என்றால் பைக்குள் பத்திரமாக மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று பல கிட்டுகள் சொல்கின்றன; ஃப்ரீசரில் வேண்டாம். தபால் இரண்டு நாள் அசையாத வார இறுதிக்கு முன்னால் எடுக்காமல், வாரத் தொடக்கத்தில் எடுப்பது புத்திசாலித்தனம்.

டாக்டர் தன் அறையில் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்து, கையுறையில் ஒட்டியதை அட்டையில் தடவிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை இந்தப் பரிசோதனைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2005-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அப்படி எடுத்த ஒற்றை மாதிரியானது, முற்றிய பாலிப், புற்றுநோய் இரண்டையும் சேர்த்து 5 சதவீதத்தைத்தான் பிடித்தது. வீட்டில் ஒழுங்காக எடுத்த மாதிரிகள் 24 சதவீதம் பிடித்தன.

ரிசல்ட் நெகட்டிவ் என்றால்

சரி, நல்ல செய்திதான். ஆனால் அது இந்த முறைக்கு மட்டும். மேலே சொன்ன கணக்குப்படி ஒரு தடவை செய்யும் ஃபிட் நான்கு புற்றுநோய்களில் ஒன்றைத் தவறவிடுகிறது. பாலிப்புகளில் தவறவிடுவது அதைவிட அதிகம். கட்டி தினமும் கசிவதில்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் சில தட்டையான பாலிப்புகள் கசிவதே குறைவு. அதனால்தான் இதை ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். அடுத்த தேதியை இன்றே போனில் போட்டு வையுங்கள். இடையில் அறிகுறி ஏதாவது தெரிந்தால், 'போன வருடம்தான் நெகட்டிவ் வந்ததே' என்று இருந்துவிடாதீர்கள்.

பாசிட்டிவ் என்றால்

முதலில், அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கலிபோர்னியாவின் ஒரு பெரிய மருத்துவ அமைப்பில் ஃபிட் பாசிட்டிவ் வந்து கொலோனோஸ்கோபி செய்துகொண்ட சுமார் 70,000 பேரின் விவரத்தைப் பார்த்தபோது, புற்றுநோய் இருந்தது நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். இன்னும் பலருக்கு எடுத்துவிட வேண்டிய பாலிப் இருக்கும், சிலருக்கு மூலம், சிலருக்கு ஒன்றுமே இருக்காது.

ரிசல்ட்டில் எண் இருந்தால் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்ற அளவு அது. எதற்கு மேல் பாசிட்டிவ் என்பதை ஒவ்வொரு திட்டமும் தானே வகுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பொதுவாக 20, நெதர்லாந்தில் 47, இங்கிலாந்து 2019-ல் ஃபிட்டுக்கு மாறியபோது வைத்தது 120. எல்லையை எங்கே வைப்பது என்பதில் அங்கே எத்தனை கொலோனோஸ்கோபி செய்ய ஆளும் இடமும் இருக்கிறது என்ற கணக்கும் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் மூன்று. ஒன்று, 'இன்னொரு தடவை பார்த்துவிடலாம்' என்று டெஸ்டைத் திரும்பச் செய்வது. இரண்டாவது நெகட்டிவ் வந்தாலும் முதல் பாசிட்டிவ் அழிந்துவிடாது. கசிவு அன்றைக்கு நின்றிருக்கலாம். இரண்டு, 'மூலம் இருக்கிறது, அதனால்தான்' என்று தாங்களே முடிவு கட்டுவது. மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது. மூன்று, தள்ளிப் போடுவது. மேலே சொன்ன அதே கலிபோர்னியா ஆய்வில், பத்து மாதத்துக்கு மேல் கடத்தியவர்களிடம் புற்றுநோயும், அதிலும் முற்றிய நிலையும், ஒரு மாதத்துக்குள் செய்துகொண்டவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பத்து மாதம்வரை காத்திருக்கலாம் என்று இதைப் படிக்காதீர்கள். ரிசல்ட் வந்த வாரமே டாக்டரிடம் தேதி கேளுங்கள்.

கொலோனோஸ்கோபிக்கு முதல் நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்க வேண்டும். பெரும்பாலோர் அலுத்துக்கொள்வது அதைத்தான். பரிசோதனையின்போது பொதுவாக மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மலப் பரிசோதனைக்குப் பொருந்திய விதி இதற்குப் பொருந்தாது. அரிதாக ரத்தப்போக்கோ குடலில் ஓட்டையோ ஏற்படலாம், டாக்டரிடம் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிப் தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். புற்றுநோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், வராமலே தடுப்பதும் நடப்பது இங்கேதான்.

குடல் முழுவதும் நன்றாகப் பார்க்கப்பட்டு ஒன்றுமில்லை என்று வந்தால், அமெரிக்கப் பரிந்துரைகளின்படி அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வேறு பரிசோதனை தேவைப்படாது. மற்ற நாடுகளின் கணக்கை டாக்டர் சொல்வார். அடுத்த ஆண்டு வழக்கம்போலக் கிட் வந்தால் இதைத் தெரிவித்துவிடுங்கள். பாலிப் எடுத்திருந்தால் எத்தனை, என்ன அளவு, எந்த வகை என்பதைப் பொறுத்து அடுத்த கொலோனோஸ்கோபிக்குத் தேதி தருவார்கள். அந்த ரிப்போர்ட்டையும் திசுப் பரிசோதனை முடிவையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாலிப்போ புற்றுநோயோ இருந்திருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதன் ஒரு பிரதியைக் கொடுங்கள். அவர்கள் எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தீர்மானமாகும்.